கை மாறும் காது மெஷின்

தாத்தாவின் பல்செட் தாத்தாவோடு முடிந்துவிடும். அவருடைய காது மெஷின் அப்படியல்ல. காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் வகையாக இருந்தால், பழுது பார்த்து இன்னொருவர் காதில் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஒருவருக்கே உரியவை அதில் இரண்டுதான்: காதுக்குள் பொருந்தும் அச்சு, சில்லுக்குள் எழுதிய எண்கள். இரண்டையுமே மாற்ற முடியும்.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்க்கச் சென்னையை ஒட்டிய திருமுல்லைவாயில் நல்ல இடம். ஒரு பக்கம் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, மறுபக்கம் ஆவடி டாங்கித் தொழிற்சாலை. பிரஸ் ஷாப்பிலும் லேத் பட்டறையிலும் உழைத்துச் சாப்பிட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் இரைச்சலே நம் நாட்டுச் சட்டவரம்பு. அதற்கு மேற்பட்ட சத்தத்தில் பல ஆண்டுகள் பிரஸ் ஓட்டியவரின் ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் வரைபடத்தைப் பாருங்கள். 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும்.

ஏன் சரியாக அங்கே? நம் காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி தானாகவே பெருகும். அடி விழுவது அதற்குச் சற்று மேலான சுருதிகளை உணரும் மயிர்செல்கள் மீது. ஒரு காதில் அவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. செத்தால் திரும்ப முளைக்காது.

இந்தச் செல்களை இழந்தவர் சொல்வது ஒன்றுதான்: "காது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல." ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது, ஸ, ஷ போன்றவை மேல்சுருதியில். 'பஸ்' என்றால் 'ப' மட்டும் வந்து சேரும். நாம் கத்தினால் உயிரொலிதான் இன்னும் கனக்கும்; தெளிவு கூடாது.

ஆகவே கருவி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லக் கூடாது. ஒலியை நொடிக்குச் சுமார் 20,000 முறை அளந்து, சுருதிவாரியாகப் பிரித்து, எங்கே குறையோ அங்கே மட்டும் ஏற்றுகிறது. அதிலும் மெல்லிய ஒலிக்கு நிறைய, உரத்த ஒலிக்குக் கொஞ்சம். ஒலி அமுக்கம் எனப்படும் இந்த உத்தி இல்லாவிட்டால் பட்டாசுச் சத்தம் காதைக் கிழித்துவிடும். மொத்தக் கணக்கும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் முடிகிறது.

கை மாறும்போது ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், கருவியைக் கணினியில் இணைத்துப் பழைய எண்களை அழித்து, புதியவரின் ஆடியோகிராமை ஏற்றுகிறார். எந்தச் சுருதிக்கு எவ்வளவு என்று தொடக்கக் கணக்குப் போட்டுத் தரும் சூத்திரங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கியது உலகெங்கும் புழங்குகிறது.

அதற்கு முன் பட்டறை வேலை இருக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். வியர்வை, காதுக்குறும்பி, சென்னையின் ஈரக்காற்று மூன்றும் சேர்ந்து மைக்கின் நுண்துளையை அடைத்திருக்கும். ரிசீவர் என்னும் குட்டி ஒலிபெருக்கி சில மில்லிமீட்டரே இருக்கும். ஓர் ஈரத்துளி போதும், குரல் கரகரக்க. பழைய அச்சையும் மஞ்சளடித்துப்போன குழாயையும் எறிந்துவிட்டு, கருவியின் உடலைத் துடைத்து, ஈரம் உறிஞ்சியோடு உலர வைக்கிறார்கள். பிறகு அதை ஒரு செயற்கைக் காதில் பொருத்துகிறார்கள். 2 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள உலோகக் குழிவு. அதன் அடியில் ஒரு மைக். அச்சு மாட்டிய காதில் எஞ்சும் இடத்துக்கு அது ஈடு. பல சுருதிகளில் ஒலியைச் செலுத்தி, வெளிவரும் அளவைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். ஒலி சிதைந்தால் ரிசீவரை மாற்ற வேண்டும்.

பேட்டரியும் ஓர் அதிசயம். துத்தநாகம் உள்ளே இருக்கிறது. அதோடு வினைபுரியும் ஆக்சிஜன் வெளியே, காற்றில். அதனால்தான் இத்தனை சிறிய வில்லையில் இவ்வளவு சக்தி அடங்குகிறது. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் 13-ஆம் நம்பர். அதை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று நுழையும். ஓரிரு நிமிடம் பொறுத்து மாட்ட வேண்டும். திரும்ப ஒட்டினாலும் வினை முழுதாக நிற்காது.

எல்லாக் கருவியும் எல்லாருக்கும் ஆகாது. கடுமையான குறைபாட்டுக்குச் சக்தி மிகுந்தது வேண்டும். காதுக்குள்ளேயே அடங்கும் கருவியின் கூடு ஒருவரின் அளவுக்கே வார்த்தது. அதைக் கை மாற்றுவது கடினம். சோதிக்காமல், எண்களை மாற்றாமல் அடுத்தவர் காதில் மாட்டினால் மிச்சமிருக்கும் செவித்திறனுக்கும் ஆபத்து.

முறையாகப் பொருத்திய பிறகும் முதல் வாரத்தில் புகார் வரும்: பேப்பர் மடிக்கும் ஓசை எரிச்சலூட்டுகிறது, தட்டு வைப்பது அறைகிறது. பல ஆண்டுகளாக மேல்சுருதியே எட்டாத மூளைக்கு அவை புதியவை. அதனால் ஆடியாலஜிஸ்ட் முதல் நாளே முழு அளவை வைப்பதில்லை. அடுத்தடுத்த வருகைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எண்களை ஏற்றுகிறார்.