ஊட்டியில் ஒரு குட்டி ஐ.நா. சபை!

எழுந்து நிற்பவன் பதினைந்து வயதுப் பையன்தான். ஆனால் அந்த மண்டபத்துக்குள் அவன் பையன் அல்ல, ஒரு நாடு! "நான் நினைக்கிறேன்" என்று அவன் வாய் தவறிச் சொன்னால் தலைவர் உடனே திருத்துவார். "கென்யா நினைக்கிறது" என்றுதான் சொல்லவேண்டும்.

இதற்கு "மாதிரி ஐ.நா. சபை" என்று பெயர். ஊட்டிப் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பழக்கமானது. ஆளுக்கு ஒரு நாடு. அந்த நாட்டின் தூதர் போலப் பேசவேண்டும், வாதாட வேண்டும், ஓட்டுப் போட வேண்டும். 1920-களிலேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், அப்போது இருந்த சர்வதேச சங்கத்தைப் போல ஒரு மாதிரி சபை நடத்திப் பார்த்தார்கள். 1945-ல் ஐ.நா. பிறந்தது. மாணவர் சபையும் பெயரை மாற்றிக்கொண்டது.

வந்திருக்கிறோம்!

முதலில் ஒவ்வொரு நாட்டின் பெயரையும் கூப்பிடுவார்கள். "வந்திருக்கிறோம்" என்று சொல்லலாம். "வந்திருக்கிறோம், ஓட்டும் போடுவோம்" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தால் ஆபத்து! இரண்டாவது பதிலைச் சொன்னவர், பிறகு தீர்மானத்தின் மீது நடுநிலை வகிக்க முடியாது. ஆதரவா, எதிர்ப்பா, ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும்.

தேயிலையையே எடுத்துக்கொள்வோம். "தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை வேண்டும்" என்று இந்தியா ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது என்று வையுங்கள். பச்சை இலைக்கு விலை கிடைக்காமல் தவிக்கும் நீலகிரிச் சிறு விவசாயியின் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இலங்கை எழுந்து, "விலையோடு கூலியையும் சேருங்கள்" என்கிறது. இதுதான் திருத்தம். தீர்மானம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் சம்மதித்தால், ஓட்டு இல்லாமலே சேர்ந்துவிடும். ஒருவர் மறுத்தாலும் ஓட்டெடுப்புதான்.

தலைவர் விதியை மீறினால், "ஒழுங்குப் பிரச்சினை!" என்று எழுந்து நிற்கலாம். குளிர் தாங்கவில்லை, ஜன்னலைச் சாத்துங்கள் என்று கேட்பதற்கும் தனி விதி உண்டு. ஊட்டியில் இது ரொம்ப உபயோகம்!

பேச்சுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான். 1957-ல் பாதுகாப்புக் கவுன்சிலில் கிருஷ்ண மேனன் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசினார். அந்தச் சலுகை மாணவர்களுக்குக் கிடையாது.

இந்த வார்த்தைகள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொல்லப்படுகின்றன. அதனால் எஸ்டேட் தொழிலாளியின் பிள்ளை ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. தீர்மானம், திருத்தம், ஒழுங்குப் பிரச்சினை, வெளிநடப்பு... சட்டசபைச் செய்தி படிக்கும் வீட்டில் இவை தினமும் காதில் விழும் தமிழ்தானே!

தள்ளிப்போட்டால் என்ன?

சாதுவாகத் தோன்றும் ஒரு பிரேரணை உண்டு. "இந்த விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்" என்பதே அது. யாரும் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. "இப்போது வேண்டாம்" என்கிறார்கள். அவ்வளவுதான்! ஆனால் அது என்ன செய்யும் என்பதை இதே ஊட்டி பார்த்திருக்கிறது.

1948 ஜூன் மாதம். மாதிரி அல்ல, அசல் ஐ.நா. கூட்டமே ஊட்டியில் நடந்தது! ஆசியாவின் பொருளாதாரத்தைக் கவனிக்க ஐ.நா. அமைத்த கமிஷனின் மூன்றாவது கூட்டம் அது. பிரதமர் நேரு வந்து தொடங்கிவைத்தார். கமிஷனின் நிர்வாகச் செயலாளராக இருந்தவர் ஒரு தமிழர். பொருளாதார நிபுணர் பி. எஸ். லோகநாதன்.

அங்கே ஒரு கேள்வி எழுந்தது. இந்தோனேஷியா 1945-லேயே சுதந்திரப் பிரகடனம் செய்துவிட்டது. ஹாலந்து அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் புதிய குடியரசைக் கமிஷனில் துணை உறுப்பினராகச் சேர்க்கலாமா? இந்தியா சேர்க்கவேண்டும் என்றது. ஹாலந்து எதிர்த்தது. வாதம் சூடாக நடந்தது.

முடிவு? விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது!

அடுத்த கூட்டம் ஆஸ்திரேலியாவில், லாப்ஸ்டோன் என்ற ஊரில். அங்கேதான் 1948 டிசம்பரில் குடியரசைச் சேர்த்துக்கொண்டார்கள். அதே மாதம் 19-ந் தேதி டச்சுப் படைகள் குடியரசின் தலைநகரான ஜோக்ஜகார்த்தாவைத் தாக்கின. தலைவர் சுகர்ணோ கைதானார். ஹாலந்து இறங்கிவந்து ஆட்சியை ஒப்படைக்க 1949 டிசம்பர் 27 வரை ஆயிற்று.

1950 செப்டம்பர் 28-ல் ஐ.நா. சபையில் இந்தோனேஷியாவுக்கு இடம் கிடைத்தது, 60-வது உறுப்பு நாடாக.