பக்கத்துத் தெருவுக்கு ஏன் இவ்வளவு சுற்று?

சென்னை அண்ணா நகரில் ஒரு தெருவைத் தோண்டிப் போட்டால் அடுத்த தெருவில் வண்டியைத் திருப்பிவிடலாம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய புது நகர்களில் பெரும்பாலும் அது நடக்காது. ஏன்?

மூன்றுக்கு மூன்று கட்டங்களாகத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சுற்றாமல் போக 20 வழிகள் உண்டு. முட்டுச்சந்தில் வீடு என்றால் வெளியேற ஒரே வழி. பால் பாக்கெட் வாங்கப் போகிறவரும் பள்ளி வேனும் ஆம்புலன்சும் அதே பிரதான சாலையில்தான் வந்து சேர வேண்டும்.

நகரம் வயல்களை விழுங்கும்போது ஒவ்வொரு பட்டாவும் தனித்தனியாக மனையாகிறது. புரமோட்டர் தன் நிலத்துக்குள் ஒரு ரோடு போட்டு, கடைசியில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிடுவார். அந்தப் பக்கத்துக்காரரும் அப்படியே. சுவரேறிக் குதித்தால் மளிகைக்கடை ஐம்பது அடி. முறையாகப் போனால் ஒன்றரை கிலோமீட்டர். பைக்கை எடுக்காமல் யார் நடப்பார்கள்? பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய் வேறு. பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும்.

பாரிங்டன்-லீ, மில்லார்டு-பால் என்ற இரு ஆய்வாளர்கள், சந்திப்புகளில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று எண்ணிப் பார்த்து, அமெரிக்காவில் தெருக்கள் இப்படி ஒன்றோடொன்று இணையாமல் போகும் போக்கு 1994 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியதை 2015இல் காட்டினார்கள். ஆனால் போட்ட தெரு போட்டதுதான். வீட்டை இடித்துக் கட்டலாம்; நாலு பேர் பட்டாவுக்கு நடுவே தெரு திறப்பது லேசில்லை.

மனை வாங்கப் போகிறீர்களா? வாஸ்து பார்த்த கையோடு, லேஅவுட்டில் சாலை எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள்.