"சரி" என்றால் சரிதானா?

போன கோடையில் எங்கள் அடுக்ககத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லை. மோட்டார் புகைந்துவிட்டது. நான்காம் நாள் காலை, புதுக் காயில் கட்டி வந்த மோட்டாரை மாட்டிவிட்டு, சங்கச் செயலாளர் எல்லா வீட்டுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பத்து மணிக்குத் தண்ணீர் வரும், லாரித் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறாது என்று இரண்டே செய்திகள். படித்ததும் மனசு குளிர்ந்துபோய், நாலு பேருக்குத் தெரியட்டும் என்று எல்லோருக்கும் போகும்படி பதில் போட்டேன்: "ஆஹா, பிரமாதமான ஏற்பாடு."

சாயங்காலம் செயலாளர் என்னைப் படிக்கட்டில் மடக்கினார். "மூணு நாளா மோட்டார் கடையே கதின்னு கெடந்தேன் சார். நீங்களும் கிண்டல் பண்ணா எப்படி?"

"ஐயோ, நெஜமாத்தான் சார் சொன்னேன்" என்றேன். பாதி நம்பினார். வீட்டுக்குள் போய் அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நக்கல் குரலில் ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது.

அன்று நான் செய்தது ஓர் உளவியல் பரிசோதனையின் ஒரு பகுதி என்று பிறகுதான் தெரிந்தது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி உள்ளிட்ட நான்கு பேர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒருவர் சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை உண்மையாகவும் சொல்ல வேண்டும். எது எந்த ரகம் என்று கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டும். சிலர் குரலில் சொன்னார்கள், சிலர் மின்னஞ்சலில் எழுதினார்கள். எப்படி அனுப்பினாலும் 100க்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்பது அனுப்பியவர்களின் நம்பிக்கை. குரலில் கேட்டவர்கள் 73 தடவை சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 தடவை. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும்.

படித்தவர்களுக்கும் தங்கள் தீர்ப்பில் சந்தேகம் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். எழுதியவர் தெளிவாக எழுதிவிட்டதாக நினைக்கிறார். படித்தவர் தெளிவாகப் புரிந்துகொண்டதாக நினைக்கிறார். எங்கே கோளாறு என்று இருவருக்குமே தெரியாது. நண்பர்களுக்குள் இந்தச் சிக்கல் வராது என்று தோன்றும் அல்லவா? அதையும் சோதித்தார்கள். அந்நியரைவிட நண்பர் ஒன்றும் நன்றாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. எழுதும்போது நமக்கு நம் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி ஸ்டான்ஃபோர்டில் 1990இல் தன் முனைவர் ஆய்வுக்காக ஒன்று செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. வீட்டில் செய்து பாருங்கள். தட்டுகிறவருக்கு வயலினும் புல்லாங்குழலும் பல்லவியும் சேர்ந்து கேட்கும். எதிரில் இருப்பவருக்கு மேசை தட்டும் சத்தம் மட்டும்.

எழுத்தில் சத்தம்கூடப் போவதில்லை. போகிற கொஞ்சநஞ்சமும் வேறு பொருளோடு போய்ச் சேரலாம். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் குறுஞ்செய்திகளைக் காட்டினார்கள். ஓர் அழைப்புக்கு ஒற்றைச் சொல்லில் பதில். ஒன்றில் முற்றுப்புள்ளி உண்டு, மற்றதில் இல்லை. புள்ளி வைத்த பதில் மனதார வந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். அதே பதிலைத் தாளில் கையால் எழுதிக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. இதைப் படித்ததும் எனக்கு நம்ம ஊர் 'சரி' நினைவுக்கு வந்தது. "சரிங்க" என்றால் ஒப்புதல். "சரி சரி" என்றால் போதும் விடு. "சரி" என்று மட்டும் வந்து, பக்கத்தில் ஒரு புள்ளியும் இருந்தால், வீட்டுக்குப் போகப் பயப்பட வேண்டும். பேச்சில் ஓர் இழுப்பில், ஓர் 'ஏ'காரத்தில் நாம் தீர்த்துக்கொள்வதையெல்லாம் கணினியில் தட்டும்போது 'தங்கள் கடிதம் கிடைத்தது' பாணி விறைப்புக்குள் திணித்துவிடுகிறோம்.

இந்தத் தலைவலி மின்னஞ்சலோடு கூடவே பிறந்தது. இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையில் 1975இல் தொடங்கிய எம்எஸ்ஜி-குரூப், மிகப் பழைய மின்னஞ்சல் குழுமங்களுள் ஒன்று. மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் அதில் மின்னஞ்சலிலேயே விவாதித்தார்கள். கெவின் மெக்கன்சி என்பவர் 1979 ஏப்ரலில் அதில் ஒரு யோசனை சொன்னார்: எழுத்தில் முகபாவம் இல்லை, ஆகவே விளையாட்டாகச் சொல்லும் வரிக்குப் பின்னால் ஒரு சிறுகோடும் ஓர் அடைப்புக்குறியும் போடலாமே. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மூன்று ஆண்டு கழித்து கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு லிஃப்டால் அந்த யோசனைக்கு மறுபிறவி கிடைத்தது. கம்பி அறுந்து விழும் லிஃப்டுக்குள் எரியும் மெழுகுவர்த்தியும் ஒரு துளி பாதரசமும் இருந்தால் என்ன ஆகும் என்று கணினித் துறையினர் மின்பலகையில் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். (தடையின்றி விழும்போது சூடான காற்று மேலே எழாது, சுடர் நீண்டு நிற்காமல் உருண்டையாகிவிடும். நல்ல கேள்விதான்.) ஒருவர் குறும்பாக, இயற்பியல் பரிசோதனை ஒன்றால் இடது ஓர லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது, கொஞ்சம் தீயும் பிடித்தது என்று எச்சரிக்கை எழுதினார். முன்கதை தெரியாமல் வந்தவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் ஒரு வழி சொன்னார். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் வரிசையாக வைத்துத் தலையைச் சாய்த்துப் பாருங்கள், சிரித்த முகம். வேடிக்கைக்கு இதைப் போடுங்கள் என்றார். இன்று நம் கைபேசியில் உருளும் மஞ்சள் முகங்களுக்கு அது ஒரு மூத்த உறவு.

தொனியை விடுங்கள். குழுவுக்கு எழுதுவதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. இது எளிய பெருக்கல்தான், ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் அலுவலகத்தில் ஊழியர்களின் கணினிகளைக் கவனித்தார்கள். வந்த மின்னஞ்சல்களில் 70 சதவீதத்தை ஆறு விநாடிக்குள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பார்த்து முடித்துவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பழைய வேகத்தில் திரும்ப, சராசரியாக 64 விநாடி. 200 பேர் உள்ள குழுவில் நீங்கள் "நன்றி" என்று ஒரு சொல் போடுகிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு இரண்டு விநாடி. அத்தனை பேரும் வேலை நடுவில் அதைப் பார்த்தால், 200ஐ 64ஆல் பெருக்க 12,800 விநாடி. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். நன்றி சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவியவர் ஒருவர், அவருக்கு மட்டும் சொன்னால் போதும்.

இந்தப் பெருக்கல் கட்டுமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே 1997 அக்டோபரில் நடந்த கூத்து போதும். பெட்லாம் டிஎல்-3 என்ற பெயரில் ஏறத்தாழ 13,000 ஊழியர்களின் முகவரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. அதில் தன் பெயரைப் பார்த்த ஒருவர், என்னை எடுத்துவிடுங்கள் என்று பட்டியல் முழுதுக்கும் எழுதினார். "என்னையும்" என்றார் இன்னொருவர், அதுவும் எல்லோருக்கும். "என்னையும்" என்று நூற்றுக்கணக்கில் வந்தன. பிறகு, எல்லோருக்கும் பதில் போடாதீர்கள் என்று எல்லோருக்கும் பதில் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சுமார் ஒன்றரைக் கோடி அஞ்சல்கள், 195 ஜிபி. உலகத்துக்கே அஞ்சல் மென்பொருள் விற்ற நிறுவனத்தின் அஞ்சல் படுத்துவிட்டது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையிலும் 2016 நவம்பரில் யாரோ அனுப்பிய ஒரு சோதனை அஞ்சல், சுமார் 8,40,000 பேருக்குப் போய் இதே கதை. இருபதாண்டுக்கு மேல் பட்ட பிறகு, 2020இல் மைக்ரோசாஃப்ட் தன் அஞ்சல் சேவையில் ஒரு மடை வைத்தது. 5,000 பேருக்கு மேல் போகும் ஓர் அஞ்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பத்து 'ரிப்ளை ஆல்' வந்துவிட்டால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்த வழியை அடைத்துவிடும் என்பது அப்போதைய விதி.

மனிதர்களைத் திருத்த முடியாமல் இயந்திரத்தைத் திருத்தினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் சின்னக் குழுக்களுக்கு அந்த மடை கிடையாது. அறிவிப்பு மட்டும் அனுப்புகிறவர் எல்லா முகவரிகளையும் 'பிசிசி' கட்டத்தில் போட்டால் அந்தப் பெயர்கள் கடிதத்தோடு போகவே போகாது. 'ரிப்ளை ஆல்' அழுத்தினாலும் அனுப்பியவரோடு நின்றுவிடும்.

தலைப்பு வரி விஷயமும் இப்படித்தான். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் கண்ணுக்குத் தெரியாத தனி அடையாள எண் உண்டு. பதில் போட்டால், எந்த எண்ணுக்குப் பதில் என்பதும் உள்ளே எழுதப்பட்டுவிடும். அதை வைத்துத்தான் மென்பொருள் கடிதங்களைச் சரமாகக் கோக்கிறது. புது விஷயம் எழுத நினைக்கும் ஒருவர், முகவரிகளைத் தேடச் சோம்பல்பட்டு, பழைய கடிதம் ஒன்றைத் திறந்து 'ரிப்ளை ஆல்' அழுத்தி, தலைப்பை மாற்றி அனுப்பிவிடுகிறார். தலைப்பு மாறினாலும் உள்ளே இருக்கும் எண் மாறாது. பல மென்பொருள்கள் அதைப் பழைய சரத்திலேயே கட்டிவிடும். எங்கள் அடுக்ககப் பொங்கல் விழா வசூல் அறிவிப்பு இப்படித்தான் செப்டிக் டேங்க் விவகாரத்துக்குக் கீழே ஒரு வாரம் கிடந்தது. தலைப்பையும் மாற்றாமல் விடுகிறவர்கள் தனி ரகம். 'மறு: மறு: மறு: டிசம்பர் கணக்கு' என்று திறந்தால் உள்ளே நாய்க்குட்டி தத்தெடுப்பு.

இந்த நடைமுறைகளை முதலில் முறையாகத் தொகுத்தவர்களில் ஒருவர் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்ப்ரிட்ஜ். அவருடைய தொகுப்பு இணைய ஆவண வரிசையில் 1995 அக்டோபரில் ஆர்எஃப்சி 1855 என்ற எண்ணோடு வெளிவந்தது. பெயருக்குக் கீழே நாலு வரிக்கு மேல் விலாசம் நீளக் கூடாது என்பது அதில் ஒரு யோசனை. அன்று பலர் இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு கட்டினார்கள். உங்கள் பட்டமும் பதவியும் அவர்கள் பையிலிருந்து போயின. பதில் போடும்போது முழுக் கடிதத்தையும் தொங்கவிடாமல் தேவையான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாகும் என்றது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அந்தக் குறையை நாம் ஆச்சரியக்குறிகளை அடுக்கித் தீர்த்துக்கொண்டோம்.

அந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த யோசனை இரண்டு. கோபம் வந்தால் எழுதலாம், ஆனால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து அனுப்பு என்பது ஒன்று. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. 142 பேரை இருவர் இருவராக இணையத்தில் வாதாட விட்டார்கள். பெயர் தெரியாதபோது மனிதர்கள் வாய்த்துடுக்கு காட்டுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் பெயர் தெரியாததைவிட, முகம் தெரியாததைவிட, கண்ணோடு கண் பார்க்காததே வசைக்குப் பெரிய காரணமாக இருந்தது. படிக்கட்டில் எதிரே நின்று சொல்லக் கூசும் வார்த்தை, ராத்திரி பதினொரு மணிக்கு விசைப்பலகையில் எப்படி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, அனுப்பும்போது கட்டுப்பாடாக அனுப்பு, வாங்கும்போது தாராளமாக வாங்கிக்கொள் என்பது. இணையத்தைக் கட்டியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980 வாக்கில் கணினிகளுக்குச் சொன்ன விதி இது. ஓர் இயந்திரம் தான் அனுப்பும் தரவைத் துல்லியமாக அனுப்ப வேண்டும். அடுத்த இயந்திரம் கொஞ்சம் பிசகாக அனுப்பினால் முறைத்துக்கொள்ளாமல் பொருள் கண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஹாம்ப்ரிட்ஜ் அதை மனிதர்களுக்கும் பொருத்தினார்.

அந்தத் தாராளம் தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் நிறையவே தேவைப்பட்டது. யூனிகோடு பரவாத காலம். ஓர் எழுத்துருவில் எழுதியது, அது இல்லாதவர் திரையில் வெறும் கிறுக்கல். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னெடுத்த, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் அந்த நிலைமையில்தான் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத தமிழர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் மின்னஞ்சலில் கைமாற்றினார்கள். ஒருவர் தட்டியதில் இன்னொருவர் பிழை பார்த்துச் சொல்வது என்பது, முகம் பார்த்துச் சொன்னாலே மனத்தாங்கல் வரக்கூடிய வேலை.

க்ரூகர், எப்லி ஆய்வில் நான் விட்டுவிட்ட பகுதி ஒன்று உண்டு. சிலரைத் தாங்கள் எழுதியதை உத்தேசித்ததற்கு நேரெதிரான குரலில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். கேலியை உண்மைபோல, உண்மையைக் கேலிபோல. அப்படிப் படித்தவர்களின் அதீத நம்பிக்கை குறைந்தது. காதுக்குள் ஓடும் பாட்டை ஒரு நிமிடம் நிறுத்த இது ஒரு வழி. இப்போதெல்லாம் சங்கத்துக்கு எழுதுமுன் நானும் கதவைச் சாத்திக்கொண்டு வில்லன் குரலில் ஒருமுறை படித்துவிடுகிறேன். வீட்டில் பழகிவிட்டார்கள்.

செயலாளரும் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். எதை அனுப்பினாலும் கடைசியில் கூப்பிய கைகள் ஒரு ஜோடி. நேற்று ராத்திரி வந்தது: "நாளை தொட்டி சுத்தம் செய்வதால் காலை 10 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது." அதற்குக் கீழே கூப்பிய கைகள். காலையில் எழுந்து பார்த்தால் பதினேழு பேர் எல்லோருக்கும் பதில் போட்டிருந்தார்கள். பதினேழும் கூப்பிய கைகள்தான். அவற்றைத் தள்ளித் தள்ளி மேலே போய், தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் மணி பத்தாகிவிட்டது.