கோயிலுக்கு அப்பால் இராமேசுவரம்

இராமேசுவரம் செல்லும் நம் வணிக அன்பர்கள் 22 தீர்த்தமும் ஆடி, சுவாமி தரிசனம் முடித்து, அன்றிரவே இரயில் ஏறிவிடுகிறார்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கடையை எத்தனை நாள்தான் பூட்டி வைப்பது! ஆயினும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, அத்தீவின் ஊர்களையும் கடற்கரையையும் பார்த்துவர வேண்டுகிறோம்.

முதலில் தனுஷ்கோடி. 1914-இல் பாம்பன் பாலம் வந்தபின் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் வழியாகக் கொழும்பு சேரலாம். துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், கடைவீதி எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியும் பயணிகளோடு போயிற்று. மாதா கோவில் சுவர்கள் மணலில் நிற்கின்றன.

வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த அவ்விடத்திலும் மீனவர்கள் கொட்டகை போட்டுச் சங்கும் பாசிமணியும் பொரித்த மீனும் விற்கிறார்கள். மாலையில் பயணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதால் வியாபாரம் பகலோடு சரி. நம் கடையில் பேரம் பேசினால் முகம் சுளிக்கும் நாமே அங்கே பேரம் பேசுவது அழகன்று.

பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். நாம் பாக்கெட்டில் விற்கும் சைனா கிராஸ் இத்தகைய பாசியில் செய்வதுதான். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று பல மாவட்டத் தோட்டங்களுக்குப் போகிறது.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது தாம்பரத்திலிருந்தும் ஒரு இரயில் விட்டார்கள். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு, காலையிலேயே போய்விடவும். அங்கே கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். மீன் சாப்பிடாதவர்கள் தயிர்சாதம் கட்டிக்கொள்ளவும்.