சேலைன் ஏற்றுமுன் அட்டையைக் காட்டுங்கள்

“ஒப்பரேஷன் செய்தால் வாந்தி வரத்தான் செய்யும்” என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை நாட்கணக்கில் வீட்டில் கிடத்தி வைக்கிறார்கள். உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கிக்கொண்டவர்கள் மலையகத்தில் அதிகமில்லை. இருப்பவர்கள் கொழும்பிலோ சென்னையிலோ சத்திரசிகிச்சை முடித்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் திரும்புகிறவர்கள்தாம். ஆபத்தும் அங்கேதான்: அவர்கள் வயிறு வேறு மாதிரி என்பது தோட்ட டிஸ்பென்சரிக்கும் தெரியாது, டவுன் பாமசிக்கும் தெரியாது.

சாதாரணத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி குடித்த அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கிப் பேதியானால், சீனி இரைப்பையில் தங்காமல் நேரே குடலில் இறங்குகிறது என்று பொருள். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துத் தலை சுற்றும். சீனியைக் குறையுங்கள், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள். தேயிலை மலைக்கு வேலைக்குப் போகும் அவசரத்தில் ரொட்டியை அடைத்து விழுங்குவது இவர்களுக்கு ஆகாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு போட்டால் பாதிச் சத்து வீண். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கவே வேண்டாம், முக்கியமாக இரைப்பை பைபாஸ் செய்தவர்கள். குடலில் புண் வந்து இரத்தம் கசியும்.

பயப்பட வேண்டியது நிற்காத வாந்திக்கு. உடல் தயமினை, அதாவது விற்றமின் பி1ஐ, சில வாரங்களுக்குமேல் சேர்த்து வைக்காது. வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்து, கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சிரிப்பவர்களும் உண்டு. பாதிக்கப்படுவது மூளை. அந்த நேரத்தில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் கேடு நிரந்தரமாகலாம். ஆகவே, “எடை குறைப்புச் சத்திரசிகிச்சை நடந்தவர், வாந்தி நிற்கவில்லை, முதலில் தயமின் வேண்டுமா, ஐயா?” என்று வாய் திறந்து கேளுங்கள். வைத்தியர் முறைத்தாலும் கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போது காட்டுவதற்குத்தான் அட்டை. ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். செய்தது ஸ்லீவ் சத்திரசிகிச்சையா பைபாஸா, எந்தத் தேதி, செய்தவர் யார், அவருடைய தொலைபேசி எண், எந்த விற்றமின்கள், எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று வார்டை விட்டு இறங்குமுன் பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி கிளினிக் கொப்பியில், ஒரு படம் போனில். சென்னையில் செய்தவர்கள் விமானம் ஏறுமுன் முழு மருத்துவப் பதிவையும் கேளுங்கள். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரச் சொல்லித் தேதி போடும் கொழும்பு வைத்தியர்களுக்கு, அந்தப் பயணத்தில் ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகும் என்பது தெரிவதில்லை. தொடர் கண்காணிப்புக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பச்சையாக வாந்தி, கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமை: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், வண்டி எந்த இடம்வரை வரும் என்பதையும் சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால், இலங்கையிலுள்ள தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றி 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும், வைத்தியரைப் பற்றி இலங்கை மருத்துவ சபைக்கும் எழுதலாம். புகாருக்குப் பலன் உண்டு: 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்தபோது, குடும்பத்தார் புகார் கொடுத்ததால்தான் விசாரணை நடந்து அந்த ஆஸ்பத்திரியின் பதிவு இடைநிறுத்தப்பட்டது. கடிதத்தோடு அட்டையின் பிரதியை மட்டும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.