தாதியர் கல்வியும் நேர்மையும் – ஓர் உளநூல் நோக்கு

நோயாளியின் நாடித் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் அளந்து பதிவேட்டிற் குறிப்போர் தாதியர். அக்குறிப்பை நம்பியே வைத்தியர் மருந்தினை விதிக்கின்றார். ஆதலின் தாதியரது நேர்மை அவர்தம் தனிக்குணம் மாத்திரமன்று. நோயாளியின் உயிர்க்குக் காவலும் ஆகும். 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் தொடங்கப்பெற்ற பயிற்சிக் கல்லூரி, மாணவியரின் தொழிற்றிறனோடு நம்பகத் தன்மையையும் மதிப்பிட்டுக் குறித்து வந்தது.

அத்தகைய தொழிலைப் பயில்வோரிடத்தும் பரீட்சைக் களவு காணப்படுகின்றது. 1985இல் அமெரிக்காவில் ஹில்பேட் என்பார் வெளியிட்ட ஆய்வு, தாதிய மாணவர் வகுப்பறையிற் செய்யும் பிழையான ஒழுக்கத்திற்கும் நோயாளர் விடுதியிற் செய்வதற்கும் தொடர்புண்டு எனக் காட்டிற்று. அயலவர் விடையைப் பார்த்தெழுதுதல் ஒன்று. அளவாத குருதியமுக்கத்தை அளந்ததாக எழுதுதல் மற்றொன்று. உண்மையின் இடத்திலே எழுத்தை மாத்திரம் வைத்தல் இரண்டிற்கும் பொது.

இதற்குரிய உளக் காரணங்கள் மூன்றினை ஈண்டு நோக்குவாம். முதலாவது அச்சம். பாடச்சுமையும் விடுதிப் பணியும் ஒருங்கே அழுத்த, தோல்வியுற்றாற் கற்கைநெறியையே இழக்க நேரும் என்னும் எண்ணம் மாணவர் அறிவை மறைக்கின்றது. இரண்டாவது தன்னைத் தானே மன்னித்தல். சைக்ஸ், மட்சா என்னும் சமூகவியலாளர் இருவர், குற்றம் புரியும் இளைஞர் தம் மனச்சான்றை அடக்கும் முறைகளை 1957இல் வகுத்துரைத்தனர். “பொறுப்பு என்னுடையதன்று”, “எவர்க்கும் தீங்கில்லை”, “தோழிக்காகச் செய்தேன்” என்பன போன்ற சமாதானங்கள் அவ்வகையின. களவை விலக்க வேண்டிய மனமே அதற்கு வழக்கறிஞராகின்றது. மூன்றாவது சூழல். மக்கேப், திரெவீனோ என்போர் 1993இல் அமெரிக்க உயர்கல்வி நிலையங்கள் 31இன் மாணவரை ஆராய்ந்து, சகபாடிகளின் நடத்தை பற்றி ஒருவர் கொள்ளும் எண்ணமே பெரிதும் செல்வாக்குடையது எனக் கண்டனர். எல்லாரும் செய்கின்றனர் என நம்புவோர்க்கு நேர்மை ஓர் இழப்பாகவே தோன்றும்.

எனின், நேர்மையின்மை பிறவிக்குணமோ எனின், அன்று. ஹாட்சோண், மே என்னும் அறிஞர் இருவர் சிறுவரிடத்து நிகழ்த்தி 1928இல் வெளியிட்ட பேராய்வு, ஓரிடத்து ஏமாற்றும் பிள்ளை பிறிதோரிடத்து நேர்மையாக நடத்தலுங் கூடும் எனப் புலப்படுத்திற்று. ஆகவே சூழலைத் திருத்துதல் பயன்தரும்.

கண்காணிப்பும் தண்டனையும் வேண்டப்படுவனவே. ஆயினும் அவை மாத்திரம் போதா. மருந்தளவிலே தவறிய மாணவி அதனை அக்கணமே ஆசிரியைக்குக் கூறினால் நோயாளி காக்கப்படுவார். ஏச்சுக்கு அஞ்சி மறைத்தால் அவருயிர் இடருறும். “அறியேன்” என்பதையும் “தவறினேன்” என்பதையும் அச்சமின்றிச் சொல்லும் பழக்கம் வகுப்பறையிலே தொடங்கல் வேண்டும். அதனை வளர்க்கும் ஆசிரியர், தாம் ஒருபோதும் காணாத நோயாளரையும் காப்பவராவர்.