சிறு விமானத்துக்குப் புதிய கால்கள்

விமானம் வானில் பறக்கையில் அதன் கால்கள் வெறும் சுமையே. தரையைத் தொடும் கணத்தில் மட்டும் விமானியின் உயிரே அவற்றைப் பொறுத்து நிற்கிறது.

அமெரிக்காவில் தம் கையாலேயே விமானம் கட்டிப் பறப்போர் பலர் உளர். 1953-ல் இவர்களுக்கெனச் சங்கம் ஒன்றும் தோன்றியது. இவ்விமானங்களைப் பழுதுபார்ப்பவரும் பெரும்பாலும் உரிமையாளரே. ஸ்டீவ் விட்மன் என்னும் பந்தய விமானி வகுத்த உருக்குப் பட்டைக் காலைச் செஸ்னா கம்பெனி தன் 140-ஆம் வகை விமானத்தில் 1946-ல் பொருத்தியது. ஆர்.வி.-4, ஆர்.வி.-6 போன்ற வீட்டு விமானங்களில் இருப்பதோ உருண்டை உருக்குத் தண்டு. வளைக்கும் திறன் மேல்முனையில் மிகுதி. ஆதலால் தண்டு அங்கே பருத்தும் சக்கரத்தருகே சிறுத்தும் இருக்கும்.

கால் வளைந்து கொடுப்பதன் பயனை ஆசிரியர்கள் எளிய கணக்கால் விளக்கலாம். 500 கிலோகிராம் விமானம் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கீழிறங்குவதாகவும், அதன் எடையை இறக்கைகள் தாங்குவதாகவும் கொள்வோம். இறங்கும் இயக்கத்தின் சக்தி 1,000 ஜூல். விமானம் 20 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றால் கால்களின் மீதுள்ள சராசரி விசை 5,000 நியூட்டன்; ஏறத்தாழ விமானத்தின் எடையளவு. கால்கள் விறைத்து 2 சென்டிமீட்டரில் நிறுத்தினால் அது பத்து மடங்காகும்!

முரட்டு இறக்கத்தில் கோணிய காலைச் சூடேற்றி நிமிர்த்தலாகாதா? ஆகாது. வெப்பப் பதம் போய்விடும். பற்றவைத்தலும் அத்தகையதே. சிறு கீறலோ துருக்குழியோகூட, மீண்டும் மீண்டும் வளைகையில் வெடிப்பின் பிறப்பிடமாகும். மேலுறையின் அடியில் ஈரம் தங்கித் துரு வளர்வதுண்டு. காலை மாற்றும் நாளன்றுதான் பலர் அதனைக் காண்கின்றனர்.

மேற்கூறிய ஆர்.வி. விமானங்களில் கால் எஞ்சின் தாங்கியிலுள்ள குழாயில் செருகிப் போல்ட்டால் பூட்டப்படுகிறது. பழைய காலைக் கழற்றுமுன் விமானத்தை உறுதியாகத் தூக்கி நிறுத்தி, பிரேக் குழாயைப் பிரித்து வாயை அடைத்துவிட வேண்டும். புதிய காலின் துளையும் குழாயின் துளையும் மயிரிழையும் பிசகாமல் ஒன்ற வேண்டும். துளை சற்றே பெரிதாயினும் கால் ஆடும். ஆட்டம் துளையை மேலும் பெரிதாக்கும். எனவே, இறுதி அளவுக்கு ரீமரால் இழைத்தே கொணர்வர். இங்கு அவசரம் கூடாது.

அடுத்தது சக்கரங்களின் நேர்மை. வாற்சக்கர விமானத்தில் முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருந்தால் ஆபத்து. ஓடுகையில் விமானம் ஒருபுறம் திரும்பினால், பளு வெளிப்புறச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அச்சக்கரமோ திருப்பத்தின் உட்புறம் நோக்கி இழுத்து, விமானத்தைச் சுழற்றிவிடும். விமானத்தைத் தரையில் இறக்கி, சிறிது தூரம் தள்ளி, எடையால் கால்கள் அகன்ற பின்னரே அளக்க வேண்டும். தூக்கிய நிலையில் எடுத்த அளவு பயன்படாது. பிழையை அச்சின் அடியில் ஆப்புத் தகடு வைத்துத் திருத்துவர்.

பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்து, பிரேக்கையும் போல்ட்டின் இறுக்கத்தையும் சோதிக்க வேண்டும். முதற்சில இறக்கங்களுக்குப் பின் அந்தப் போல்ட்டுகளை மறுபடியும் பார்த்து, செய்த வேலையைத் தேதியுடன் விமானக் குறிப்பேட்டில் பதிவு செய்தல் வேண்டும்.